ஹெரன் கோர்ட்டில் சத்தம் நின்றுபோன வீடு

இதை எனக்கு முதல்முதலாகச் சொன்னது மார்த்தாண்டத்து ரூபவதி அக்கா. போன லெந்து தவக்கால நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம்ம தமிழ்ச் சபை ஆராதனை முடிந்து, வெள்ளைக்காரர்கள் நமக்கு விட்டுத் தந்திருக்கிற அந்தக் கோவில் கீழ்க்கூடத்தில் நானும் அவரும் சாம்பார் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னார். அரிசி ஊறப்போட்டதைச் சொல்லுகிற மாதிரிதான் சொன்னார், குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நானும் அப்படியே உனக்குச் சொல்கிறேன் மக்களே, கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

அக்காவின் மகன் ஆல்வின் வீடு வாங்கியிருப்பது அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில், சோளக்காட்டை அழித்துக் கட்டின ஒரு சின்னக் குடியிருப்பில். ஹெரன் கோர்ட் என்று பெயர், ஒரே ஒரு தெரு, அந்தத் தெருவும் மேற்கொண்டு எங்கும் போகாமல் ஒரு வட்டமடித்துத் தன்னிடமே திரும்பி வந்துவிடும், வட்டத்தைச் சுற்றி வீடுகள், வீடுகளுக்கு முன்னால் புல், புல்லுக்கு நடுவே வேலி கிடையாது மதில் கிடையாது, ஆனாலும் யார் புல் எங்கே முடிகிறது என்று அங்கே தவழுகிற பிள்ளைக்கும் தெரியும், ஒருவர் வெட்டுகிற மெஷின் அடுத்தவர் புல்லில் விரற்கடை அளவு ஏறாது. எல்லாரும் நல்ல மனுஷர். காரில் போகும்போது கை ஆட்டுவார்கள், குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டு வரும்போது கை ஆட்டுவார்கள், சமையலறை ஜன்னலில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டே ஈரக் கையை ஆட்டுவார்கள், அதற்கு மேல் கூப்பிடாமல் ஒருவர் படியை ஒருவர் மிதிப்பதில்லை. அது பகை இல்லை மக்களே, அது அவர்களுடைய மரியாதை.

அந்த வட்டத்தின் கடைசி வளைவில் லொரெய்ன் என்று ஒரு அம்மா, வயசு நம்ம அக்கா வயசுதான், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், புருஷன் இறந்து வெகுகாலம், டீன் என்று ஒரே மகன், அவன் பக்கத்து ஊரில் வீடுகளுக்குக் கூரை போடுகிற வேலை செய்துகொண்டிருந்தான். தை மாசத்து உறைபனியில் அவன் வண்டி பாலத்தில் வழுக்கிவிட்டது. ஆஸ்பத்திரி, அடக்கம், வந்தவர்கள், போனவர்கள் எல்லாம் முடிந்து வீடு காலியான அன்றைக்குத்தான் லொரெய்ன் பார்த்தார், கூடத்துப் போன் பக்கத்தில், ஆள் இல்லாதபோது வருகிற பேச்சைப் பிடித்துவைக்கிற பழைய மெஷினில் சிவப்பு லைட் மினுக்கி மினுக்கி எரிகிறதை. அதில் டீனுடைய நம்பர் நின்றது. அவன் சாகிற அன்று காலையில் கூப்பிட்டிருக்கிறான், இவர் கடைக்குப் போயிருந்தார். மகன் என்ன சொல்லிவிட்டுப் போனான் என்று இனிமேல்தான் கேட்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விரலை வைத்து அழுத்தினார்.

சத்தம் நின்றது.

மெஷினின் சத்தம் மட்டும் இல்லை. ஃப்ரிட்ஜ் இரைகிறது நின்றது, ஹீட்டர் மூச்சுவிடுகிறது நின்றது, கடிகாரம் நின்றது போல இருந்தது, பார்த்தால் முள் நகர்கிறது. மேஜையைத் தட்டினார், சத்தம் இல்லை. வாயைத் திறந்து மகன் பெயரைக் கூப்பிட்டார், இல்லை. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள்ளும் அந்த வீட்டுப் புல் முடிகிற கோடு வரைக்கும் எந்தச் சத்தமும் கிடையாது. எப்படி என்று அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதலில் கண்டது பக்கத்து வீட்டு வெண்டல். அந்தக் குடியிருப்புச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர், துக்க வீடாயிற்றே என்று தன் வாசல் பனியைத் தள்ளின கையோடு அந்தப் பனி தள்ளுகிற மெஷினை லொரெய்ன் வாசல் பக்கமும் திருப்பினார், கோட்டைத் தாண்டினதும் மெஷின் ஊமையாகிவிட்டது, பனி மட்டும் பறந்துகொண்டே இருந்தது. பின்னால் வந்தார், இரைச்சல். முன்னால் போனார், ஒன்றுமில்லை. அவர் இளமையில் பட்டாளத்தில் பீரங்கிப் பக்கம் நின்றவர், அன்றிலிருந்து அவர் காதுக்குள் ஒரு விசில் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும், தூக்கத்திலும் அடிக்கும், மனைவி சாகும்போது சொன்ன கடைசி வார்த்தையையும் அந்த விசிலுக்கு மேலேதான் கேட்டார். கோட்டுக்கு அந்தப்பக்கம் விசில் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தோளெல்லாம் பனி மூடுகிற வரைக்கும் அங்கேயே நின்றாராம்.

சங்கம் அவர் கார் ஷெட்டில் கூடியது. கேஸ் கசிவாக இருக்கும் என்றார்கள், கருவியோடு ஒருவர் வந்தார், கருவி கோடு வரைக்கும் கீ கீ என்று வந்து கோட்டில் வாயை மூடிக்கொண்டது, அவர் கையை விரித்துவிட்டுப் போனார். பாஸ்டர் வந்து கோட்டைத் தாண்டிப் புல்லில் நின்று ஜெபம் பண்ணினார், அவர் கண்ணைத் திறக்கிற வரைக்கும் ஆமென் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் எழுந்து, "இது நம்ம விதிமுறைக்கு விரோதம் இல்லையா?" என்று கேட்டார். வெண்டல் யோசித்து, "சத்தம் போடக்கூடாதுன்னுதான் விதி இருக்கு, சத்தம் இல்லாம இருக்கக்கூடாதுன்னு இல்லையே" என்றார். எல்லாரும் தலையாட்டி, காப்பி குடித்து, நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அதோடு அதிசயம் பழைய சங்கதியாகிவிட்டது.

பிறகு அந்தச் சத்தமின்மை ஹெரன் கோர்ட்டுக்கு ஒரு சொத்து மாதிரி ஆனது. கெய்லா என்று ஒரு சின்னப் பெண், அவள் கைக்குழந்தை சாயங்காலமானால் நீலம்பாரித்து அழும், அதை ஏந்திக்கொண்டு கோட்டைத் தாண்டி உட்கார்ந்தாள், குழந்தை வாயைத் திறந்து திறந்து பார்த்தது, தன் அழுகை தனக்கே வராததில் சலித்துத் தூங்கிவிட்டது. ஓயாமல் சண்டைபோடுகிற ஒரு புருஷனும் பெண்சாதியும் அந்தப் புல்லில் போய் நின்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்திவிட்டு, கதகதப்பாகக் கையைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக்குத் திரும்பினார்கள். அழ வேண்டியவர்கள் அழுதார்கள், பாடத் தெரியாதவர்கள் பாடினார்கள், நாய்கள் ஓரமாகப் படுத்தன. சங்கம் பணம் கேட்காமலே யாரோ ஒரு பெஞ்ச் கொண்டுவந்து போட்டார்கள். வெண்டல் தினமும் மத்தியானம் அதில் உட்கார்ந்தார். வாசற்படியில் சீஸ் போட்டு வேகவைத்த நூடுல்ஸும் உருளைக்கிழங்கும் வெள்ளித்தாள் மூடி வந்துகொண்டே இருந்தன, பெல் அடித்தால் கேட்காது, ஆகவே வைத்துவிட்டுப் போனார்கள், யாரும் உள்ளே போகவில்லை. லொரெய்ன் தன் துக்கத்தால் இந்த அமைதியை உண்டாக்கி வைத்திருக்கிறார், அவருக்குத் தனிமை வேண்டும், அதில் கொஞ்சத்தை நமக்கும் தந்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். மனசார நம்பினார்கள் மக்களே.

உள்ளே லொரெய்ன் அந்த மெஷினை அழுத்திக்கொண்டிருந்தார். அழுத்தினால் மகன் பேசுகிறான், பேசுகிறது கேட்காது. வெளியே எடுத்துப்போகலாம் என்றால் பிளக்கைப் பிடுங்க வேண்டும், பிடுங்கக் கூடாது என்று டீனே ஒரு தடவை சொல்லியிருக்கிறான், "அம்மா, இதுக்குள்ள இருக்கிற பேட்டரி செத்துப்போச்சு, கரண்ட் போனா உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும், தொடாதே, நான் புதுசு கொண்டாறேன்" என்று. இதைச் சொல்லலாம் என்று லொரெய்ன் கோட்டைத் தாண்டி வந்தார். வாயைத் திறக்கும் முன்னே கெய்லா ஓடிவந்து கட்டிப்பிடித்து, "உங்களாலதான் என் பிள்ளை தூங்குறான்" என்று அழுதாள். இன்னொரு நாள் வந்தார். வெண்டல் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் லொரெய்ன், நாங்க எல்லாரும் உங்களுக்குக் கடன்பட்டிருக்கோம்" என்று வழிவிட்டு ஒதுங்கினார். அப்புறம் லொரெய்ன் வரவில்லை. சாப்பிட்டார், தூங்கினார், பஸ் ஓட்டின காலத்துப் பழக்கத்தில் விடியுமுன் எழுந்து உடை மாற்றினார், ஜன்னலில் நின்றார், யாராவது கை ஆட்டினால் கை ஆட்டினார். நோவு என்று ஒன்றும் இல்லை, கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அந்த மாதிரி ஆள் முழுக்க ஆகிவிட்டது.

அக்கா அங்கே போய் இறங்கினது புல்லெல்லாம் பச்சையாகிவிட்ட மே மாசத்தில். ஆல்வின் ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியிலேயே, "அம்மா, இங்க ஆளுங்க கை ஆட்டுவாங்க, நீயும் ஆட்டு, அவ்வளவுதான். யார் வீட்டுக்கும் போய் நிக்காதே" என்று சொல்லித்தான் கூட்டிவந்தான். அக்காவும் சரி என்றுதான் இருந்தார். ஆனால் மறுநாள் வட்டத்தைச் சுற்றி நடந்துகொண்டிருக்கும்போது, கடைசி வளைவில் ஜன்னலுக்குள் ஒரு அம்மா உள்ளங்கையைக் கீழே காட்டி விரல்களை மடக்கி மடக்கி அசைத்தார். நம்ம ஊரில் அப்படி அசைத்தால் என்ன அர்த்தம்? வா என்றுதானே. ஏதோ உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது, தண்ணீருக்குக் கூப்பிடுகிறார் என்று அக்கா நேரே புல்லில் ஏறிவிட்டார். தன் செருப்புச் சத்தம் நின்றதைக் கவனித்தாராம், காது அடைத்திருக்கும், பிளேனில் வந்த காது என்று நினைத்தாராம். பெஞ்சில் இருந்த வெண்டல் எழுந்து இரண்டு கையையும் ஆட்டினார். அக்கா அவருக்கும் ஒரு கை ஆட்டிவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

லொரெய்ன் ஜன்னல் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தவரைப் பார்த்தார். பனி உருகி, புல் முளைத்து, இவ்வளவு காலத்தில் அந்த நடுக்கூடத்துக்கு வந்த முதல் ஆள். அக்கா, "என்னம்மா, என்ன செய்யுது?" என்று தமிழில் கேட்டார், கேட்டது தனக்கே கேட்கவில்லை. லொரெய்ன் அக்காவின் கையைப் பிடித்துக் கொண்டுபோய் மெஷின்மேல் வைத்தார். மறு கையால் அழுத்தினார். உள்ளங்கைக்குக் கீழே ஒரு நடுக்கம், நின்று நின்று, பிறகு சேர்ந்தாற்போல், பிறகு நின்றுபோயிற்று. லொரெய்ன் சுவரில் இருந்த போட்டோவைக் காட்டினார். கூரைமேல் உட்கார்ந்து சிரிக்கிற ஒரு பிள்ளை.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு ஆல்வின் சொல்லுவான்" என்றார் அக்கா, அண்டாவில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே. "அதுல தெரிய என்ன இருக்கு? அது பிள்ளை பேசுதுல்லா."

அக்கா அங்கேயே முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினார். சொன்ன வார்த்தை எதுவும் காதில் விழவில்லை, கர்த்தருக்கு விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டார். எழுந்து பார்த்தால் ஆல்வின் வாசலில் நின்று மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுகிறான், முகமெல்லாம் சிவந்து, அம்மாவைத் திட்டுகிறான், ஒன்றும் கேட்காது. அக்கா லொரெய்னைக் கையோடு பிடித்து, மகனையும் தாண்டி, புல்லைக் கடந்து, கோட்டுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஸாரி, ஸாரி, எங்க அம்மாவுக்குத் தெரியாது, நீங்க கூப்பிட்டீங்கன்னு நெனச்சுட்டாங்க" என்றான் ஆல்வின்.

லொரெய்ன் தொண்டையைச் செருமினார். வெகு நாள் பேசாத குரல் துருப்பிடித்த கீல் மாதிரி வந்தது. "நான் கூப்பிடல. கூப்பிடறதை எப்பவோ விட்டுட்டேன். இவங்க வந்தாங்க." பிறகு மெஷினைப் பற்றி, டீனைப் பற்றி, பிளக்கைப் பற்றிச் சொன்னார், நின்று நின்று, யாருக்கோ நடந்ததைச் சொல்லுகிற மாதிரி. அதற்குள் கெய்லா வந்துவிட்டாள், சண்டைக்காரப் புருஷனும் பெண்சாதியும் வந்துவிட்டார்கள்.

வெண்டல் கேட்டார், "ஏன் எங்ககிட்டச் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன்" என்றார் லொரெய்ன். "நீங்க எல்லாரும் நன்றி சொன்னீங்க."

யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்த அமைதி கோட்டுக்கு இந்தப்பக்கத்து அமைதி, ரோட்டில் கார் போகிற சத்தமும் குருவிச் சத்தமும் அதில் இருந்தது.

மறுபடியும் சங்கம் கார் ஷெட்டில் கூடியது. ஆல்வின், போனில் பதிவுபண்ணிக் கொண்டுவரலாம் என்றான், சத்தமே இல்லாத இடத்தில் எதைப் பதிவுபண்ண என்று அவனே உட்கார்ந்துவிட்டான். சண்டைக்காரப் புருஷன் நீள ஒயர் மாட்டலாம் என்றான், "பிளக்கைப் பிடுங்காம ஒயர் எப்படி மாட்டுவே, மடையா" என்றாள் பெண்சாதி, "நீ சொல்லேன் பார்ப்போம் புத்திசாலி" என்றான் அவன். கெய்லா குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே, "அந்த வீட்டைத் தொட்டா அமைதி போயிடுமா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகக் கூசி முகத்தைக் குழந்தைமேல் புதைத்தாள். அவள் கேட்டதைத்தான் எல்லாரும் நினைத்தார்கள். வெண்டலின் கை தானாக எழுந்து காதைப் பொத்துவதை அக்கா பார்த்தார். வெகுநேரம் பொத்திக்கொண்டே இருந்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, "சுவரை வெட்டுவோம்" என்றார்.

அந்த ஊர் வீடு பலகைதானே மக்களே, செங்கல்லா கல்லா? பிளக் சொருகியிருக்கிற சுவர்த் துண்டை மெஷினோடு சேர்த்தே வெட்டி எடுத்து வெளியே கொண்டுவருவது, அதற்கு முன்னால் வெண்டல் வீட்டிலிருந்து ஒரு ஒயர் இழுத்து, சுவருக்குள்ளே அந்த பிளக் பெட்டியின் முதுகில் பிடித்துக்கொடுப்பது, ஒரு கரண்ட் கையைவிடும் முன்னே இன்னொரு கரண்ட் வந்து பிடித்துக்கொள்ள வேண்டும். பிசகினால் பிள்ளை பேசினது போயிற்று, அப்புறம் எந்தக் கடையிலும் கிடைக்காது. செய்யட்டுமா என்று லொரெய்னைக் கேட்டார்கள். லொரெய்ன், "இப்ப மட்டும் என் கையில என்ன இருக்கு?" என்றார்.

சனிக்கிழமை காலையில் வெட்டினார்கள். ரம்பம் ஓடுகிறது, சத்தமில்லை, சுண்ணாம்புத் தூள் மாவு சலித்த மாதிரி பறக்கிறது, சத்தமில்லை, ரம்பம் விரலுக்குக் கிட்டே வந்தால் சத்தத்தை வைத்து அறிய முடியாது, ஆகையால் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டே வேலைசெய்தார்கள். லொரெய்ன் சிவப்பு லைட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெண்டல் பழைய ஒயரை வெட்டினார். லைட் அணைந்தது.

அது மினுக்குகிற லைட்தானே, அணைந்துதானே எரியும். எரிகிற வரைக்கும் அந்த அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை என்று அக்கா சொன்னார்.

எரிந்தது.

சுவர்த் துண்டையும் மேஜையையும் மெஷினையும் கட்டுப்போட்டு ஆண்கள் தோளில் ஏந்தினார்கள், ஒயரை ஆல்வின் பின்னாலே விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தான், லொரெய்னும் அக்காவும் கெய்லாவும் பக்கத்தில் நடந்தார்கள். நம்ம ஊரில் எதை அப்படி ஏந்திக்கொண்டு போவோமோ அந்த நடைதான். கோட்டை முதலில் தாண்டினது சண்டைக்காரப் புருஷன், அவன் வழிநெடுக வாய்க்குள் சொல்லிவந்த கெட்ட வார்த்தையின் பின்பாதி எல்லார் காதிலும் விழுந்தது. வெண்டல் வீட்டுச் சிமெண்டுத் தரையில் இறக்கி வைத்தார்கள். வைத்ததும், அவர்கள் வழக்கப்படி, ஒவ்வொருவராகப் பின்னால் நகர ஆரம்பித்தார்கள், அந்த அம்மா தனியாகக் கேட்கட்டும் என்று.

"எங்க போறீங்க எல்லாரும்? நில்லுங்க இஞ்ச" என்றார் அக்கா, தமிழில்தான். நின்றுவிட்டார்கள்.

லொரெய்ன் அழுத்தினார். இரைச்சலுக்கு நடுவே ஒரு ஆண்பிள்ளைக் குரல் வந்தது, ஆல்வின் பிறகு அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னான். "அம்மா, நான்தான். வீட்ல இல்லையா. சரி. அந்த ஏணியை எடுக்க வர்றேன்னேன்ல, ஞாயித்துக்கிழமை வர்றேன். நீ தூக்காதே. தூக்கிடாதே என்ன. சரி, சரிம்மா." அவ்வளவுதான். பாலத்தைப் பற்றி ஒன்றுமில்லை, சாவைப் பற்றி ஒன்றுமில்லை, அன்பைப் பற்றிக்கூட ஒன்றுமில்லை.

அழுவார் என்று எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். லொரெய்ன் அழவில்லை. மெஷினைப் பார்த்துக்கொண்டே, "சளி பிடிச்சிருக்கு அவனுக்கு" என்றார். "எனக்குத் தெரியவே தெரியாது."

சத்தம் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததா என்று நான் கேட்டேன். வரவில்லையாம். சுவரில் ஓட்டை போட்டும் அந்த அமைதி கசிந்து போகவில்லை, ஓட்டையைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். மெஷினை வெண்டலின் கார் ஷெட்டில் ஒரு மூலையில் வைத்து, மேலே ஒரு துண்டும் பக்கத்தில் ஒரு நாற்காலியும் போட்டிருக்கிறார்கள். மத்தியானம் ஆனால் லொரெய்ன் அங்கே போய் உட்கார்ந்து மகனைக் கேட்பார், அதே நேரத்தில் வெண்டல் இந்தப்பக்கம் வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றையும் கேட்காமல் இருப்பார். கெய்லா இப்போதெல்லாம் கதவைத் தட்டாமலே உள்ளே போய் லொரெய்ன் மடியில் குழந்தையைப் போட்டுவிடுகிறாளாம். லொரெய்ன் தேறிவிட்டாரா என்று அக்காவைக் கேட்டேன். அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

உனக்கு நேரமாகிறது, தெரியும். ஒன்றே ஒன்று செய் மக்களே. இன்றைக்கு வீட்டில் ஜெபம் பண்ணும்போது லொரெய்ன் பெயரையும் சேர்த்துக்கொள். மனசுக்குள்ளே இல்லை, வாயைத் திறந்து சொல்லு. பெயர் வாயில் நுழையாவிட்டால், டீனுடைய அம்மா என்று சொல்லு, போதும்.